தாய் சி: ஆடலா, அடிதடியா?

சீனாவில் எந்த ஊருக்குப் போனாலும் சரி, விடிந்தும் விடியாததுமாக அங்குள்ள பூங்காவுக்குள் நுழைந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பத்திருபது பெரியவர்கள் வரிசையாக நின்று, இடுப்பளவு தண்ணீருக்குள் நடப்பதுபோலக் கைகால்களை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் மூச்சு வாங்காது. யாரும் யாரையும் தொடக்கூட மாட்டார்கள். இதுதான் தாய் சி.

இதன் முழுப்பெயர் 'தாய்ஜிசுவான்'. கடைசியில் வரும் 'சுவான்' என்ற சொல்லுக்கு முஷ்டி, கைச்சண்டை என்று பொருள். ஆக, பெயரிலேயே சண்டை இருக்கிறது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஆடல்போலத்தான் தெரிகிறது. 'இதை வைத்துக்கொண்டு ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா?' என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்தக் கேள்வி புதிதல்ல. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல வடிவங்களில் கேட்கப்பட்டு வருகிறது. அதற்குக் கிடைத்த பதில்களின் கதைதான் தாய் சியின் வரலாறு.

இருபது வினாடி

2017 ஏப்ரல் 27. செங்டு நகரில் ஒரு மோதல் நடந்தது. ஒரு பக்கம் வே லெய். 'இடி பாணி' என்ற பெயரில் தாய் சி கற்பித்தவர். 2015ல் சீன அரசுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றி, உள்ளங்கையில் நிற்கும் புறாவைப் பறக்கவிடாமல் தன் 'உள்சக்தி'யால் நிறுத்துவதாகக் காட்டிப் பெயர் பெற்றவர். எதிர்ப்பக்கம் சு சியாவ்டோங். குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த நவீனக் கலப்புச் சண்டையின் பயிற்சியாளர்.

மோதல் இருபது வினாடிக்குள் முடிந்துவிட்டது. தாய் சி ஆசிரியர் கீழே கிடந்தார். காணொளி சீனா முழுவதும் பரவியது. வெற்றி பெற்றவருக்குப் பாராட்டு வந்திருக்கும் என்று நினைத்தால் அது தவறு. சீனப் பண்பாட்டையே அவமதித்துவிட்டார் என்று பலர் கொதித்தெழுந்தார்கள். அவருடைய சமூக வலைத்தளக் கணக்கும் முடக்கப்பட்டது.

ஒருவர் தோற்றதற்கு ஒரு நாடே ஏன் கோபப்பட வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள, தாய் சி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

கதையும் வரலாறும்

தாய் சியின் பிறப்பு பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது. வூடாங் மலையில் சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி வாழ்ந்தார். ஒருநாள் ஒரு பறவையும் பாம்பும் சண்டையிடுவதைக் கண்டார். பறவை கொத்த வரும்போதெல்லாம் பாம்பு வளைந்து நெளிந்து தப்பியது. வன்மையை மென்மையால் வெல்லலாம் என்று அதில் உணர்ந்து, இந்தக் கலையைப் படைத்தார். கேட்க அழகான கதைதான். ஆனால் சாங் சான்ஃபெங்கின் பெயர் சண்டைக் கலையோடு சேர்த்துப் பேசப்படும் மிகப் பழைய ஆதாரம், 1669ல் ஹுவாங் சோங்சி என்ற அறிஞர் ஒரு வீரருக்காக எழுதிய கல்லறைக் குறிப்புதான். துறவி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அதற்கும் நூற்றாண்டுக் கணக்கில் இடைவெளி!

இந்தக் கதையைச் சோதித்துப் பார்த்தவர் டாங் ஹாவ் என்ற வரலாற்று ஆய்வாளர். 1930ல் வெளியான தம் நூலில் இரண்டு பெரிய நம்பிக்கைகளை அவர் ஆதாரத்தோடு மறுத்தார். ஒன்று, சாங் சான்ஃபெங் தாய் சியைப் படைத்தார் என்பது. மற்றது, போதிதர்மர் ஷாவ்லின் சண்டைக் கலையைப் படைத்தார் என்பது. ஆம், காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர் என்று தமிழகத்தில் பலரும் நம்பும், 2011ல் 'ஏழாம் அறிவு' படத்தில் வந்த அதே போதிதர்மர்தான். நமக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. சீனர்களுக்கும் அப்படித்தான் கசந்தது.

பிறகு டாங் ஹாவ் ஹெனான் மாநிலத்தின் வென் வட்டத்திலுள்ள சென்ஜியாகோ என்ற கிராமத்துக்குச் சென்று ஆராய்ந்தார். 'சென் குடும்பத்துப் பள்ளம்' என்பது அந்த ஊர்ப் பெயரின் பொருள். மிங் அரசு வீழ்ந்த காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில், அங்கே வாழ்ந்த சென் வாங்டிங் என்ற போர்ப் பழக்கமுள்ளவரிடமிருந்து இந்தக் கலை தொடங்குகிறது என்ற முடிவுக்கு வந்தார். இதையும் ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் இன்று வழக்கில் உள்ள பெரும் பாணிகளின் குருபரம்பரையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் இந்தக் கிராமத்தில்தான் வந்து நிற்கிறது.

அந்த ஊர்க்காரர்களுக்குச் சண்டை பொழுதுபோக்கு அல்ல. வணிகச் சரக்கு வண்டிகளுக்கு வழிக்காவலாகப் போவது அங்கே பலரின் பிழைப்பு. வழியில் கொள்ளையர் வந்தால் கற்றது பலிக்கிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு தளபதியின் அறிவுரை

சென் குடும்பத்தின் வரிசைகளில் வரும் பல நிலைகள் அதற்கும் முந்தைய ஒரு நூலில் இருக்கின்றன. மிங் காலத் தளபதி ச்சி ஜிகுவாங் (1528–1588), கடற்கொள்ளையரை எதிர்க்க வீரர்களைத் திரட்டியபோது, 1560களில் ஒரு படைப்பயிற்சி நூல் எழுதினார். அதில் வெறுங்கைச் சண்டைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 32 நிலைகளைப் படத்தோடு விளக்கியிருக்கிறார். 'மேலங்கியைச் சோம்பலாகச் செருகுதல்', 'பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்றல்' போன்ற பெயர்கள் அதில் வருகின்றன. இன்றும் தாய் சி பழகுபவர்கள் சொல்லும் பெயர்கள் இவை.

அந்த அத்தியாயத்தில் தளபதி சொல்லும் இரண்டு கருத்துகள் கவனிக்கத்தக்கவை. வெறுங்கைச் சண்டை பெரும் போருக்கு உதவுவதாகத் தெரியவில்லை, ஆனால் கைகால்களைப் பழக்குவதற்கும் புதியவர்கள் கலைக்குள் நுழைவதற்கும் அது நல்ல வாசல் என்கிறார். இது முதல் கருத்து. கற்ற வித்தையை எதிராளியிடம் சோதித்தே ஆக வேண்டும், அதில் தோற்றால் வெட்கப்படவும் வேண்டாம், வென்றால் பெருமைப்படவும் வேண்டாம், ஏன் வென்றோம், ஏன் தோற்றோம் என்று யோசித்துத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்கிறார். இது இரண்டாவது.

உடற்பயிற்சி, சோதனை. தாய் சியின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையே நடந்த இழுபறிதான்.

ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எதிராளி

வரிசை என்பது பல நிலைகளைத் தொடர்ச்சியாகக் கோத்த ஒரு சங்கிலி. நம் சிலம்பத்திலும் குத்துவரிசையிலும் இருப்பதுபோலத்தான். தனியாக ஆடினாலும், ஒவ்வோர் அசைவுக்கு முன்னாலும் ஓர் எதிராளி நிற்பதாகக் கொள்ள வேண்டும். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

'பீப்பா மீட்டுதல்' என்றொரு நிலை. பீப்பா என்பது சீன நரம்பிசைக் கருவி. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக வைத்து நிற்பார்கள். உண்மையில் ஒரு கை எதிராளியின் மணிக்கட்டையும் மறு கை அவன் முழங்கையையும் பிடிக்கிறது. இரண்டையும் எதிரெதிராக அழுத்தினால் கை பூட்டிக்கொள்ளும்.

'குரங்கை விரட்டிப் பின்வாங்குதல்' இன்னொன்று. எதிராளி மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். கையை வெடுக்கென்று பறிக்காமல், ஓரடி பின்வைத்து அவனையும் கூடவே இழுத்துக்கொண்டு, மறு உள்ளங்கையால் அவன் முகத்தை நோக்கித் தள்ளுவது. பின்வாங்குவதே தாக்குதலாகிறது.

'கடலடி ஊசி' என்ற நிலையில் பிடிபட்ட கையோடு உடம்பு முழுவதும் நேராகக் கீழே இறங்குகிறது. பிடித்தவனின் பிடி தளர்கிறது, அல்லது அவனும் முன்னால் கவிழ்கிறான். பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்பது சமநிலைப் பயிற்சிபோலத் தெரியும். தூக்கிய முழங்கால் எதிராளியின் வயிற்றுக்குப் போகிறது. 'மேகக் கைகள்' என்ற அழகான அசைவு, வரும் குத்தை முன்கையால் தொட்டு, இடுப்பைத் திருப்பி ஒதுக்குவது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக எட்டு வகை விசைகளைச் சொல்வார்கள். தாங்குதல், உருட்டி இழுத்தல், நெருக்குதல், தள்ளுதல், பறித்தல், பிளத்தல், முழங்கையால் இடித்தல், தோளால் மோதுதல். முதல் நான்கும் 'குருவியின் வாலைப் பிடித்தல்' என்ற ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன. வரும் விசையை நேருக்கு நேர் எதிர்க்காமல் அதோடு ஒட்டிக்கொண்டு, திசையை மாற்றி, எதிராளி தடுமாறும் கணத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் இதன் சாரம்.

சரி, பிறகு ஏன் இவ்வளவு மெதுவாக? வேகமாகச் செய்யும்போது தடுமாற்றத்தை வேகமே மறைத்துவிடும். மெதுவாகச் செய்தால் எடை எந்தக் காலில் இருக்கிறது, தோள் எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் தெரியும். பழைய சென் பாணியில் மெதுவோடு திடீர் வேகமும் உண்டு. காலைத் தரையில் அறைவதும் முஷ்டியை வெடிப்பதுபோல வீசுவதும் அதில் சாதாரணம். முழு வரிசையும் ஒரே சீரான மெதுவில் ஓடுவது பிற்காலத்து மாற்றம்.

தனியே ஆடும் வரிசைக்குத் துணையாக 'துய்ஷோ' என்ற கை தள்ளும் பயிற்சி இருந்தது. இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி வட்டமாகச் சுழற்றுவார்கள். ஒருவர் மற்றவரின் நிலையைக் குலைக்கப் பார்ப்பார். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தொடுகையில் எதிராளியின் எண்ணத்தை உணர்வது இதன் நோக்கம். அதற்கும் அடுத்த படி, கட்டுப்பாடில்லாத மோதல். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தற்காப்புக் கலை முழுமையாகும்.

தலைநகருக்கு வந்த கலை

சென் குடும்பத்துக்கு வெளியே இந்தக் கலையைக் கொண்டுசென்றவர் யாங் லூசான் (1799–1872). ஹெபெய் மாநிலத்தின் யோங்நியன் பகுதிக்காரர். சென் சாங்சிங் (1771–1853) என்ற ஆசிரியரிடம் பல ஆண்டுகள் கற்றார். பின்பு பெய்ஜிங் சென்று, மஞ்சு பிரபுக்களுக்கும் அரண்மனைக் காவல் வீரர்களுக்கும் கற்பித்தார். 'வெல்ல முடியாத யாங்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர். அவர் உள்ளங்கையில் நின்ற குருவியால் எழும்ப முடியவில்லை என்ற கதையும் உண்டு. காலால் உந்தித்தானே குருவி எழும்ப வேண்டும்? உந்தும்போதெல்லாம் அவர் கை மெல்லத் தாழ்ந்துவிடுமாம். 2015ல் தொலைக்காட்சியில் வந்த புறா எந்தக் கதையின் வாரிசு என்பது இப்போது புரிந்திருக்கும்!

1911ல் புரட்சி வந்தது. முடியாட்சி போனது. துப்பாக்கி வந்த பிறகு வழிக்காவலர்களுக்கும் வேலை குறைந்துபோயிருந்தது. 'சீனர்கள் நோயாளிகள்' என்ற ஏளனத்தைத் துடைக்க வேண்டும், மக்கள் உடலை வளர்க்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1912ல் பெய்ஜிங்கில் தொடங்கிய உடற்பயிற்சி ஆய்வுக் கழகத்தில் தாய் சி பொதுமக்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் யாங் லூசானின் பேரன் யாங் செங்ஃபு (1883–1936).

இன்று உலகம் அறிந்த சீரான, விரிந்த, மெதுவான தாய் சி இவர் வடித்தது. குதிப்பதையும் காலை அறைவதையும் குறைத்தார். எந்த வயதினரும் செய்யலாம் என்றானது. 'அப்படியானால் சண்டையை எடுத்தவர் இவர்தானா?' என்று கேட்டால், இல்லை. 1931லும் 1934லும் அவர் பெயரில் வந்த இரண்டு நூல்களின் தலைப்பிலும் 'பயன்பாடு' என்ற சொல் இருக்கிறது. 1934 நூலில் ஒவ்வொரு நிலையும் எதிராளி எப்படித் தாக்குகிறான் என்பதை வைத்தே விளக்கப்படுகிறது. ஆனால் நூலை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தேடியது ஆரோக்கியத்தை. வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மக்காவ், 1954

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஒரு சண்டையும் இடம்பெற்றது. ஹாங்காங்கில் அனுமதி கிடைக்காது என்பதால் மக்காவில், 1954 ஜனவரி 17 அன்று மேடை போடப்பட்டது.

ஒருவர் வூ கோங்யி. தாய் சியின் வூ பாணியின் தலைவர், ஐம்பதைத் தாண்டியவர். யாங் குடும்பத்திடம் கற்ற காவல் வீரர் ஒருவரின் பேரன். மற்றவர் வெண்கொக்குப் பாணியைச் சேர்ந்த சென் கெஃபு, முப்பதுகளில் இருந்தவர். பத்திரிகைகளில் இருதரப்பும் விட்ட சவால்களால் மக்கள் ஆர்வம் உச்சத்தில் இருந்தது.

சண்டை இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தப்பட்டது. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமமும் இல்லை என்று அறிவித்தார்கள்! படச்சுருள் இன்றும் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். மேகக் கைகளும் தெரியவில்லை, கொக்கும் தெரியவில்லை. இருவரும் கைகளை வீசி அடித்துக்கொள்கிறார்கள். மூக்கில் ரத்தம்.

இதிலிருந்து என்ன பாடம் கற்றிருக்க வேண்டும்? தளபதி ச்சி ஜிகுவாங் இருந்திருந்தால் 'ஏன் இப்படி ஆனது என்று யோசித்து மறுபடி சோதியுங்கள்' என்றிருப்பார். நடந்தது வேறு. மூன்றே நாளில், ஜனவரி 20 அன்று, ஹாங்காங்கின் மாலைப் பத்திரிகை ஒன்றில் லியாங் யூஷெங் எழுதிய வீரசாகசத் தொடர்கதை தொடங்கியது. அது பெரும் வெற்றி பெற, அவருடைய சக பத்திரிகையாளர் ஜின் யோங்கும் 1955ல் எழுத வந்தார். அந்தக் கதைகளின் நாயகர்கள் விரலசைவில் பத்துப்பேரை வீழ்த்தினார்கள். மேடையில் கிடைக்காத அற்புதம் காகிதத்தில் கிடைத்தது. காலப்போக்கில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் பலருக்கு மங்கிப்போனது.

இருபத்து நான்கு நிலைகள்

சீன மக்கள் குடியரசில் 1956ல் அரசு விளையாட்டு ஆணையம் யாங் பாணியிலிருந்து 24 நிலைகள் கொண்ட ஒரு சுருக்க வரிசையை வெளியிட்டது. ஐந்தாறு நிமிடங்களில் முடித்துவிடலாம். தொழிற்சாலை, பள்ளி, மருத்துவமனை எங்கும் கற்பிக்கலாம். உலகில் மிக அதிகம் பேர் ஆடும் தாய் சி வரிசை இதுதான். ஆனால் துய்ஷோவும் மோதலும் அந்த அளவுக்குக் கூடவே போகவில்லை. வூஷு என்பது மதிப்பெண் பெறும் அழகுப் போட்டியாக வளர்ந்தது. கட்டுப்படுத்தப்பட்ட முழு மோதல் விளையாட்டான சான்டா, சோதனை முறையில் தொடங்கப்பட்டதே 1979ல்தான்.

ஆக, மூன்று படிகளில் ஒன்று மட்டும் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. மற்ற இரண்டும் சில குடும்பங்களோடும் சில ஆசிரியர்களோடும் நின்றன. ஆனால் 'வெல்ல முடியாத' என்ற பெயர் மட்டும் குறையவில்லை. 2017ல் செங்டுவில் உடைந்தது அந்தப் பெயர்தான். கோபத்துக்கும் அதுவே காரணம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. துய்ஷோ பழகியவர்கள்கூடச் சறுக்கும் இடம் அது. அந்தப் பயிற்சி தொடங்கும்போதே கைகள் ஒட்டியிருக்கின்றன. உண்மைச் சண்டையில் எதிராளி எட்டி நிற்கிறான். குத்து வந்த வேகத்தில் திரும்பிப் போகிறது. ஒட்டுவதற்குக் கையே கிடைப்பதில்லை. அந்த இடைவெளியைக் கடப்பது எப்படி என்பதை, உண்மையாகக் குத்த வரும் ஒருவரோடு பழகினால் மட்டுமே கற்க முடியும். சொன்னபடி கையை நீட்டிக்கொண்டு நிற்கும் மாணவனிடம் பூட்டுப் போடுவது எளிது.

அப்படியானால் தாய் சி வீணா?

இல்லவே இல்லை. 2012ல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், பார்க்கின்சன் நோயுள்ள 195 பேரில் தாய் சி பழகியவர்களின் சமநிலை மேம்பட்டது. தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் கீழே விழுவது குறைந்தது. எழுபது வயதுக்காரர் ஒருவருக்குத் தெருச் சண்டைக்காரனைவிட வழுக்கும் குளியலறைதான் பெரிய எதிரி. அந்த எதிரியிடமிருந்து காப்பாற்றுவதும் தற்காப்புத்தானே? 2020 டிசம்பர் 17 அன்று யுனெஸ்கோ தாய்ஜிசுவானை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமைக்கு அது தகுதியானதே.

பூங்காவில் ஆடும் பெரியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தங்களால் யாரையும் வீழ்த்த முடியும் என்று அவர்கள் சொல்வதுமில்லை. சிக்கல், வரிசையை மட்டும் கற்பித்துவிட்டு 'இனி உன்னை யாரும் தொட முடியாது' என்று சொல்லும் இடத்தில்தான். அதை நம்பி ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ ஆபத்தான நேரத்தில் ஓடாமல் நின்றால், விலை கொடுப்பது அவர்கள்தான், ஆசிரியர் அல்ல.

எனவே தற்காப்புக்காகத் தாய் சி கற்க விரும்புவோர் சேரும் முன் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த அசைவு எதற்கு? இதைத் துணையோடு பழகுவோமா? அந்தத் துணை ஒருநாளாவது நிஜமாக எதிர்ப்பாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அங்கே சேரலாம். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தாலும் சேரலாம், ஆனால் உடல்நலத்துக்காக. கேள்வி கேட்டதற்கே கோபம் வந்தால், செங்டுவில் நடந்த அந்த இருபது வினாடியை நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவது நல்லது.